கீழ்வீட்டு மீட்டர்

கரண்ட் இருக்கும்போதே இன்வெர்ட்டர் அலறத் தொடங்கியது. மே மாதத்து வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. ஜலஜா அப்போதுதான் சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஹாலில் ஃபேனுக்குக் கீழே தலையைச் சாய்த்திருந்தாள். மூலையில் கிடந்த அந்தப் பெட்டி கீ, கீ, கீ என்று கத்தியது.

எழுந்து போய்ப் பார்த்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. பேட்டரி தீரப்போகிறது என்று அர்த்தம். ஆனால் சமையலறையில் ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தது, எதிர்வீட்டில் யாரோ மிக்ஸி போட்டிருந்தார்கள். காலையிலிருந்து கரண்ட் ஒரு நிமிஷம்கூடப் போகவில்லை. அப்புறம் எதற்கு இந்தச் சனியன் பேட்டரியைத் தின்கிறது?

கணவர் ஜெகநாதனுக்குப் போன் போட்டாள், அவர் எடுக்கவில்லை. லாலாகுடா ரயில்வே பணிமனையில் எலெக்ட்ரிக்கல் பிரிவு சூப்பர்வைசர் அவர், வேலை நேரத்தில் போனைத் தொடமாட்டார். சர்க்கார் நேரத்தை வேஸ்ட் பண்ணக்கூடாதாம். அவருக்கு உலகத்தில் பிடிக்காத ஒரே சொல் அந்த வேஸ்ட்தான். சாம்பாரில் கிடக்கும் கறிவேப்பிலையைக்கூட நாலு தடவை சப்பிவிட்டுத்தான் தட்டோரம் ஒதுக்குவார். அவருடைய தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் ரயில்வே வேலைக்காக வேலூர்ப் பக்கத்திலிருந்து செகந்திராபாத் வந்தவர், அப்பா மிச்சம் பிடித்தே இந்த மாடி வீட்டைக் கட்டினார். மிச்சம் பிடிப்பது பரம்பரைச் சொத்து.

அவர் எடுக்காததால் எலெக்ட்ரீஷியன் பாபுவைக் கூப்பிட்டாள். பத்து நிமிஷம் என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் கழித்து வருகிற பாபு, அன்றைக்கு என்ன நல்ல காலமோ, பத்தே நிமிஷத்தில் வந்து நின்றான். வந்தவன் இன்வெர்ட்டரைத் தொடவேயில்லை. சிவப்பு விளக்கைப் பார்த்தான், ஓடுகிற ஃபிரிட்ஜைப் பார்த்தான்.

"கீழ அக்கா ஊர்ல இல்லியாம்மா?" என்றான்.

"ஆக்னஸா? குண்டக்கல் போயிருக்கா. தங்கச்சி கொழந்தைக்கு ஞானஸ்நானம். ஞாயித்துக்கெழமதான் வருவா. அவளுக்கும் இதுக்கும் என்னப்பா சம்பந்தம்?"

பாபு பிடரியைச் சொறிந்தான். "சார் வரட்டும்மா. நான் அப்பறம் வர்றேன்."

"பத்து நிமிஷ வேலைக்கு சார் எதுக்கு? என்னன்னு பாரேன்."

"நக்கோம்மா, வேணாம். சார் திட்டுவாரு."

ஜலஜா வாசற்படியில் போய் நின்றுகொண்டாள். அவளைத் தாண்டித்தான் அவன் வெளியே போகவேண்டும். பாபு செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்து, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"கீழ அக்கா போறப்ப மெயினை ஆஃப் பண்ணிட்டுப் போயிருக்கும். அதப் போட்டா இது நின்னுடும்மா. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

கீழ்வீட்டு மெயினுக்கும் மேல்வீட்டு இன்வெர்ட்டருக்கும் என்ன உறவு என்று அவளுக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் பாபுவை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, முழுவதையும் கறந்தாள்.

கீழ்வீடு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. வண்டி நிறுத்துகிற இடம் போக மிச்சமிருந்த ஒன்றரை அறை. அதில் ஆக்னஸ் குடியிருந்தாள். புருஷன் செத்து ஆறு வருஷம் ஆகிறது, மகள் எங்கோ விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிறாள். ஆக்னஸுக்குப் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிற வேலை. ரேஷன் கார்டு வைத்திருப்பவள் என்பதால் மாதம் இருநூறு யூனிட்டுக்குள் கரண்ட் செலவழித்தால் அவளுக்கு ஜீரோ பில், ஒரு காசு கட்டவேண்டாம். இருநூற்றொன்று ஆகிவிட்டால் சலுகை போச்சு, மொத்தத்துக்கும் பணம் கட்டவேண்டும். அதனால் அவள் தினமும் காலையில் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் தன் மீட்டரைப் பார்த்து, பக்கத்துச் சுவரில் பென்சிலால் எண்ணை எழுதிவைப்பாள். சுவர் வீணாகிறது என்று ஜெகநாதன் இரண்டு தடவை கடிந்துகொண்டிருக்கிறார்.

போன வருஷம் நவம்பரில் கீழ்வீட்டு பிளக் பாயிண்ட் ஒன்று கருகிப்போனது. ஜெகநாதன் தாராளப் பிரபுவாகத் தன் செலவிலேயே பாபுவைக் கூப்பிட்டு, அங்கே வயரிங்கையே மாற்றிக்கொடுத்தார். கறிவேப்பிலையைச் சப்புகிற மனுஷன் இப்படிக் கை நீட்டிச் செலவழிக்கிறாரே என்று ஜலஜாவுக்கே ஆச்சரியம். ஆக்னஸ் நெகிழ்ந்துபோய் பிளம் கேக் செய்து தட்டோடு கொண்டுவந்து கொடுத்தாள். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதை அது என்று இப்போதுதான் தெரிந்தது. ஆக்னஸ் தேவாலயத்துக்குப் போயிருந்த ஒரு மணி நேரத்தில், அவள் மெயினிலிருந்து ஒரு கம்பி சுவருக்குள் புகுந்து மாடி ஏறி இன்வெர்ட்டரில் முடிந்திருக்கிறது.

"அப்ப இது சார்ஜ் ஆறது அவ கரண்ட்லியா?" என்றாள் ஜலஜா.

"சார்ஜ் மட்டும் இல்லம்மா. உங்க ஃபேன், லைட்டு, டிவி எல்லாம் இன்வெர்ட்டர் வழியாதானே ஓடுது? அதுக்குக் கரண்ட் எங்கேர்ந்து வருதோ, அங்கேர்ந்துதான் எல்லாமே ஓடும். ஃபிரிட்ஜ், கீசர் மட்டும்தான் உங்க மீட்டர்."

"மாசம் எவ்ளோ ஆகும்?"

"நூறு யூனிட்டுக்குக் கொறையாது. வெயில்ல இன்னும் ஏறும்."

"அவ தையல் மோட்டார் எவ்ளோ இழுக்கும்?"

பாபு சிரித்துவிட்டான். "அதுவா? நாள் பூரா ஓட்டினாலும் மாசம் பதினஞ்சு யூனிட் ஆகாதும்மா."

ஜலஜா தலைக்கு மேலே பார்த்தாள். ஃபேன் பேட்டரியின் மிச்சத்தில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது, கீ கீ சத்தமும் நின்றது.

மோட்டாரைப் பற்றி அவள் கேட்டதற்குக் காரணம் இருந்தது. மார்ச் மாதம் ஆக்னஸின் மீட்டர் இருநூற்றுப் பதினாலு காட்டியது. ஏப்ரலில் இருநூற்று முப்பத்தொன்று. அவள் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு மாடியேறி வந்து, சார், நீங்க கரண்ட் தெரிஞ்சவரு, எங்க இழுக்குதுன்னு பாருங்க என்று கேட்டாள். ஜெகநாதன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பில்லை முன்னும் பின்னும் பார்த்தார். மோட்டார்தாம்மா இழுக்குது என்றார். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன். முப்பது வருஷம் எலெக்ட்ரிக்கலில் இருப்பவர் சொன்னால் யார் இல்லையென்பார்கள்? அன்று சாயங்காலமே ஜலஜா கீழே போய், மோட்டாரக் கழட்டி வச்சுட்டு கொஞ்ச நாள் மிதிச்சுத் தையேன் ஆக்னஸ், நம்ம அம்மாங்கல்லாம் மிதிச்சுத்தானே தச்சாங்க என்று புத்தி சொல்லிவிட்டு வந்தாள். சொல்லிவிட்டு வந்தது மட்டுமில்லை, நல்லது செய்த திருப்தியும் அவளுக்கு இருந்தது.

ஆக்னஸ் மோட்டாரைக் கழற்றினாள். ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் நூற்றிருபது செட் கொடுத்தாகவேண்டும். காலையிலிருந்து இருட்டும்வரை மிதித்தாள். முழங்காலுக்குக் கீழே நரம்பு பச்சையாகப் புடைத்துக்கொண்டது. சாயங்காலங்களில் வாசலில் உட்கார்ந்து, வாளியில் உப்புப் போட்ட வெந்நீரில் காலை வைத்திருப்பாள். ஜலஜா மாடியிலிருந்து பார்த்து, எப்படி இருக்கு காலு என்று கேட்பாள். ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்து எழுந்துவந்து கேட்பாள்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. ஏ.எஸ்.ராவ் நகரில் இருக்கும் நாத்தனார் உஷா போன வாரம்தான் போனில் புலம்பினாள். "அண்ணி, இந்த இன்வெர்ட்டர வாங்கினது யானைய வாங்கின மாதிரி ஆயிடுச்சு. கரண்ட் போறது மாசத்துக்கு ரெண்டு தடவ, அரை மணி நேரம். அதுக்காக வருஷம் பூரா சும்மா கெடந்து கரண்ட் குடிக்குது. டிஸ்டில்ட் வாட்டர் ஊத்தணும், நாலு வருஷம் ஆனா பேட்டரி மாத்தணும். பேசாம மெழுகுவத்தி வாங்கியிருக்கலாம்." ஜலஜா அப்போது பெருமையாகச் சொன்னாள்: "உங்க அண்ணன் கைராசி உஷா. எங்க வீட்ல அதுக்குன்னு ஒரு செலவே தெரியல."

தெரிந்திருக்காது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே.

ஜெகநாதன் ஆறு மணிக்கு வந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு ஃபேன் ஸ்விட்சைப் போட்டார். அது சுற்றவில்லை. ஜலஜா நேராகக் கேட்டாள். அவர் மறுப்பார், கோபப்படுவார், குறைந்தபட்சம் முகம் கறுக்கும் என்று எதிர்பார்த்தாள். அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஹவ், ஆமா. அதுக்கு இப்ப என்ன?"

"என்னவா? அவ கரண்ட எடுத்திருக்கீங்க."

"அவ கரண்டா? ஏய், சர்க்கார் கரண்ட். அவ மொத்தமா செலவு பண்றதே நூறு, நூத்திப்பத்து யூனிட். எரநூறு ஃப்ரீ. மிச்சம் தொண்ணூறு என்ன ஆகுது? வேஸ்ட். யாருக்கும் இல்லாமப் போறத நாம யூஸ் பண்றோம். அவளுக்கு ஒரு பைசா நஷ்டம் உண்டா?"

"மார்ச்ல கட்டினாளே? ஏப்ரல்ல கட்டினாளே?"

"வெயில் காலம். கொஞ்சம் முன்னப் பின்ன ஆகும். ஜூன்ல சரியாயிடும்."

"மோட்டார் இழுக்குதுன்னு சொன்னீங்களே!"

ஜெகநாதன் ஒரு கணம் யோசித்தார். "மோட்டாரும்தான் இழுக்கும்," என்றார்.

அந்த 'உம்'மைக் கேட்டபோது ஜலஜாவுக்கு உடம்பு கூசியது. சீ என்று சொன்னாள். இருபத்தேழு வருஷத் தாம்பத்தியத்தில் அவர் முகத்துக்கு நேராக அவள் அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. அவருக்கு வேறு பயம் இருந்தது.

"இத நீ யார்கிட்டயும் ஒளறிடாத. கரண்ட் ஆபீஸ்காரன் வந்தா திருட்டுக் கேஸ் போடுவான். எனக்கு ரிட்டயர்மெண்ட்டுக்கு எட்டு மாசம்தான் இருக்கு. கேஸ் வந்தா பென்ஷன்ல கைவைப்பான். அவளுக்குச் சொன்னா என்ன ஆகும், அவ போய் நாலு பேர்கிட்ட அழுவா. நக்கோ ஜலஜா, பெருசு பண்ணாத. கீழ சாவி உங்கிட்டதானே இருக்கு? போய் மெயினப் போட்டுட்டு வா. வெந்து சாவறேன் இங்க."

சாவி அவளிடம்தான் இருந்தது. அந்தத் தெருவில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர் வரும். சனிக்கிழமை தண்ணீர் வந்தால் டிரம்மை நிரப்பி வையுங்க அக்கா என்று சொல்லி ஆக்னஸ் மாற்றுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். மூன்று வருஷமாக அவள் ஊருக்குப் போகும்போதெல்லாம் அப்படித்தான். வேறு யாரிடமும் கொடுக்கமாட்டாள். பில் ஏறிய பயத்தில் இந்தத் தடவைதான் முதன்முதலாக மெயினையும் அணைத்துவிட்டுப் போயிருந்தாள்.

"நான் போகமாட்டேன்," என்றாள் ஜலஜா.

அவர் பூஜை அலமாரிப் பக்கத்து ஆணியிலிருந்து சாவியைத் தானே எடுத்துக்கொண்டு இறங்கிப்போனார். இரண்டு நிமிஷத்தில் ஃபேன் சுற்றத் தொடங்கியது. திரும்பி வந்து, அப்பாடா என்று உட்கார்ந்து டிவியைப் போட்டார். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று சொல்வார்கள், இவர் பிடுங்குவதற்கென்றே கொஞ்சம் கொஞ்சமாகக் கொளுத்தியவர். ஜலஜா தன் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைத் தரையில் போய் உட்கார்ந்தாள். அங்கே ஃபேன் கிடையாது. இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. அன்று படுக்கையையும் பால்கனிக்கு இழுத்துக்கொண்டாள். கொசு பிடுங்கியது. பிடுங்கட்டும் என்று கிடந்தாள்.

சனிக்கிழமை அவர் பணிமனைக்குப் போனதும் பாபுவை வரச்சொன்னாள்.

"இந்தக் கம்பியப் புடுங்கி எங்க மீட்டர்ல குடு."

"சார்கிட்ட ஒரு வார்த்த…"

"சார்கிட்ட நான் பேசிக்கறேன். நீ புடுங்கறியா, நான் கத்திரிக்கோல எடுக்கட்டுமா?"

முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. அவன் போன பிறகு தண்ணீர் வந்தது. ஜலஜா கீழே போய் டிரம்மை நிரப்பினாள். சுவரோரம் தையல் மெஷின் நின்றது. மிதிகட்டை தேய்ந்து பளபளவென்றிருந்தது. கழற்றிய மோட்டார் பழைய புடவைத் துணியில் சுற்றி அலமாரி மேலே இருந்தது. வாளிக்குப் பக்கத்தில் கல்லுப்புப் பொட்டலம். ஜலஜாவுக்குப் புருஷன் மேல் வந்த அருவருப்பு இப்போது பாதி அவள் மேலேயே திரும்பியது. கதவுக்குப் பின்னால் மெயின் ஸ்விட்ச் ஆனில் இருந்தது. ஆக்னஸ் அணைத்துவிட்டுப் போனது போலவே இருக்கட்டும் என்று அதை அணைத்துவிட்டு, பூட்டிக்கொண்டு மாடியேறினாள். ஒன்றையாவது சரிசெய்தோம் என்று இருந்தது.

சாயங்காலம் விஷயம் தெரிந்து ஜெகநாதன் குதித்தார். மாசம் எவ்ளோ ஏறும் தெரியுமா உனக்கு என்றார். அடுத்த மாத பில்லை நீயே கட்டு என்றார். அப்புறம் பேச்சை நிறுத்திவிட்டார். அவளுக்கு அது பெரிய உபகாரமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குக் கீழே கேட் சத்தம் கேட்டது. ஜலஜா தன் சீட்டுப் பணத்திலிருந்து ஆக்னஸ் கட்டிய இரண்டு மாத பில்லுக்கும் ஆன தொகையை ஒரு கவரில் போட்டு வைத்திருந்தாள். சொல்லவேண்டியதை இரண்டு நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தாள். போ, போய்ச் சொல்லு, குடும்பத்தோட நடுத்தெருவுல நிக்கலாம் என்று ஜெகநாதன் நாற்காலியிலிருந்தே சொன்னார். அவள் இறங்கினாள்.

ஆக்னஸ் மாடிப்படிக்குக் கீழே மீட்டருக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தாள். தோளில் பை அப்படியே இருந்தது. கையில் பென்சில். வீட்டுக் கதவு திறந்திருந்தது.

"வெள்ளிக்கெழம காலைல எழுதிட்டுப் போனது, அக்கா." சுவரில் கடைசி எண்ணைப் பென்சிலால் தொட்டுக்காட்டினாள். "இப்ப ஏழு யூனிட் கூட இருக்கு."

"ஆக்னஸ், அதச் சொல்லத்தான் நான்…"

"உள்ள போய்ப் பாத்தேன். மெயின் ஆஃப்லதான் இருக்கு. நான் அணைச்ச மாதிரியே."

ஜலஜா இரண்டு நாளாக அடுக்கி வைத்திருந்த பேச்சு எங்கோ போய்விட்டது. கம்பி, இன்வெர்ட்டர், ஃபேன், மோட்டார் என்று முன்னும் பின்னுமாக எல்லாவற்றையும் கொட்டினாள். நேற்றே கம்பியை மாற்றியாயிற்று என்றும் சொன்னாள். ஆக்னஸ் பென்சிலைப் பைக்குள் போட்டாள்.

"பிளக் பாயிண்ட் மாத்திக் குடுத்தாரே, அன்னிக்கா?"

"ஆமா."

"அதுக்கு நான் கேக் செஞ்சு குடுத்தேன். நீங்களும் சாப்பிட்டீங்க."

"எனக்குத் தெரியாது ஆக்னஸ். சத்தியமா, வெள்ளிக்கெழமதான் தெரிஞ்சுது."

"மெயினப் போட்டது யாரு?"

"அவரு."

"அணைச்சது?"

"நான்தான். நீ அணைச்ச மாதிரியே இருக்கட்டும்னு…"

சொல்லும்போதே அது எப்படிக் கேட்கிறது என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கை எது என்று கேட்டால், இப்போது அவள் கையைத்தான் காட்டவேண்டும். நாலு வார்த்தை கூடச் சொல்லி விளக்கலாம். விளக்க விளக்க இன்னும் அசிங்கமாகும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

"மோட்டாரக் கழட்டச் சொன்னதும் நீங்கதானே அக்கா," என்றாள் ஆக்னஸ்.

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ஜலஜா அழுதாவது இருப்பாள். கவரை நீட்டினாள். ஆக்னஸ் வேண்டாம் என்று பாசாங்கு செய்யவில்லை. வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அது அவள் காசு. பிறகு மறுபடியும் கையை நீட்டினாள். எதற்கென்று ஜலஜாவுக்குப் புரியவில்லை.

"சாவி, அக்கா."

ஜலஜா இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்துக் கொடுத்தாள். ஆக்னஸ் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் பகல் நேரத்தில் அந்தக் கதவு சாத்தி அவள் பார்த்ததில்லை.

மேலே ஜெகநாதன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன சொன்னா? கத்தினாளா? கரண்ட் ஆபீசுக்குப் போறேன்னாளா?"

"இல்ல. சாவிய வாங்கிக்கிட்டா."

"அவ்ளோதானா?" அவர் முகம் தெளிந்தது. முதுகைச் சாய்த்துக்கொண்டார். "அப்பா, பொழச்சோம். நான்கூட என்னமோன்னு பயந்துட்டேன்."

ஜலஜா சாவி தொங்கிய வெறும் ஆணியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் கழித்துக் கீழேயிருந்து டர்ர்ர் என்று ஒரு சத்தம் வந்தது. நின்றது. மறுபடி வந்தது. சில வாரம் கழித்து மோட்டார் ஓடியது.

ஜெகநாதனும் காதைக் கொடுத்துக் கேட்டார்.

"கேட்டியா? மறுபடி மோட்டாரப் போட்டுட்டா. நீ கொஞ்சம் சொல்லி வை ஜலஜா. யூனிட் ஏறிடும், பாவம்."

அவர் கிண்டல் பண்ணவில்லை. முகத்தில் நிஜமாகவே கவலை இருந்தது.